வறுத்த புழுதி

எங்கட வாப்பாக்கு என்ட கூடப்பிறந்த ஜெஸீம் காக்கா குவைத்துல இருந்து ஒரு பால்மா டின் நிறையப் புழுதி அனுப்பினாரு. ஓம், புழுதிதான். அதே பெட்டிக்குள்ள பேரீச்சம்பழம், சொக்லட், சவர்க்காரம், உம்மாக்கு ஒரு அபாயா எல்லாம் கிடந்திச்சி. ஆனா வாப்பா முதல்ல கேட்டது அந்த டின்னத்தான்.

கேக்கிற ஆக்களுக்கு இது விசர்க்கதை மாதிரி இரிக்கும். அதால காரணத்த இப்பவே செல்லிப்போடுறன்.

வாப்பாட பேரு ஸலாஹுதீன். வரிப்பத்தான்சேனைப் பக்கம் நெல்லு மில்லுல முப்பது வருஷம் நிண்ட மனிசன். உமித் தூசிக்குள்ளயே வயசு போயித்து, நெஞ்சும் பழுதாப் போயித்து. ரெண்டு வருஷமா மருதமுனையில எங்கட ஊட்டு நடு அறையில கட்டில்லதான். ஒரு கையில மூச்சுக்கு அடிக்கிற பம், மத்தக் கையில ரீவி ரிமோட்டு. தண்ணி பட்டா இழுப்பு வரும். சுடுதண்ணி எண்டாலும் வரும். ஒரு நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்கு முன்னால கை முகம் கழுவி வுளு செய்யப் போயி, பைப்படியிலயே மூச்சடச்சி, ஓட்டோவுல தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினம். அதுக்குப் பொறகு டொக்டர் தண்ணியத் தொடவேணா எண்டாரு. பள்ளி ஹஸ்ரத்தும் ஊட்டுக்கு வந்து பாத்துத்து தயம்மும் செய்யலாம், இது நோயாளிக்கு மார்க்கம் தந்த லேசு எண்டு சென்னாரு.

தயம்மும் எண்டா தண்ணிக்குப் பதிலா மண். சுத்தமான மண்ணுல ரெண்டு கையையும் ஒருக்கா தட்டி முகத்தத் தடவுறது. இன்னொருக்கா தட்டி ரெண்டு கையையும் முழங்கை மட்டும் தடவுறது. அவ்வளவுதான். ஒவ்வொரு பர்ளுக்கும், அஞ்சி நேரக் கட்டாயத் தொழுகைக்கும், புதுசாச் செய்யோணும். அப்ப ஒரு நாளைக்கு பத்துத் தட்டு.

இதுல கரைச்சல் என்னண்டா மண்ணுதான். எங்கட மத்ஹபுச் சட்டப்படி வெறும் மணல் காணாது. புழுதி இரிக்கோணும், கைய வெச்சா கையில ஒட்டோணும். மருதமுனையில எங்க தோண்டினாலும் கடல் மணல். கைய வெச்சி எடுத்தா எல்லாம் உதிந்து போயி கை வெறுங்கையாக் கிடக்கும். வாப்பாட மில்லுக் கூட்டாளி ஒராள் வயல் மண்ண பேக்குல போட்டு பைக்குல கொண்டந்து தந்தாரு. வாப்பா மணந்து பாத்துத்து வேணா எண்டுத்தாரு. வயலுக்கு அடிக்கிற மருந்து மணக்குதாம். நஞ்சு கலந்த மண்ண முகத்துல பூசிட்டு அல்லாஹ்க்கு முன்னால நிக்க ஏலாதாம். கூட்டாளி மனிசனுக்கு முகம் சுருங்கிப் போயித்து. இந்த மண்ணுல விளைஞ்ச சோத்தத்தானே திங்காய் எண்டு கேட்டுத்துப் போனாரு.

இதெல்லாம் உம்மா போன்ல காக்காட்டச் செல்லிச் சிரிச்சிருக்கா. காக்கா சிரிக்கல்ல.

காக்கா குவைத்துல ஒரு அரபி ஊட்டு ட்ரைவர். நாலு வருஷமா ஊருக்கு வரல்ல. மே மாசம் அங்க பெரிய புழுதிக்காத்து அடிச்சிச்சி. வானம் செங்கல் நிறமாப் போயி, பகல் ரெண்டு மணிக்கு லைட்டுப் போட்டு வண்டி ஓட்டுற வீடியோ எங்களுக்கு அனுப்பினாரு. மறுநாள் விடிய அந்த அரபிட ஊட்டு மொட்டமாடி முழுக்க கோதுமை மா கொட்டின மாதிரிக் கிடந்திச்சாம். காக்கா அதப் பாத்துத்து நினச்சிரிக்காரு, இது ஆள் மிதிக்காத மண், நாய் பூனை போகாத மண், மருந்தடிக்காத மண், வானத்தால வந்து இறங்கின மண். இதவிடச் சுத்தமான மண் உலகத்துல எங்க கிடக்கு? கடைக்குப் போயி புதுசா ஒரு பிரஷ் வாங்கி, வெள்ளைப் பேப்பர் விரிச்சி, அத மெல்ல மெல்லக் கூட்டி எடுத்து, கழுவிக் காயவெச்ச டின்னுக்குள்ள போட்டு டேப் ஒட்டி, லீவுல வந்த ஒராள் கையில குடுத்து உட்டாரு.

எனக்கு இப்பவும் அந்தப் புது பிரஷ்தான் நினவுக்கு வரும்.

டின்னத் திறந்த நேரம் நானும் பக்கத்துலதான் நிண்டன். வாப்பா ரெண்டு விரலால கிள்ளி எடுத்து பெருவிரலால தேச்சிப் பாத்தாரு. மா மாதிரி, அவ்வளவு மெது. விரல் ரேகைக்குள்ள எல்லாம் போயி ஒட்டிட்டு. அஸர்த் தொழுகைக்கு அதுல கையத் தட்டி முகத்தத் தடவினாரு. நெத்தி, கண்ணிம, மூக்குத்தண்டு, தாடி எல்லாம் லேசான செம்மஞ்சள். ரெண்டு வருஷத்துக்குப் பொறகு அண்டைக்குத்தான் வாப்பாட முகத்துல ஒரு திருப்தி பாத்தன். உம்மா போன எடுத்து வீடியோ கோல்ல காக்காக்குக் காட்டினா. காக்கா அங்கால திரும்பித்தாரு.

இனி என்ட கதை.

நான் கெம்பஸ்ல பயோ படிக்கன், மூண்டாம் வருஷம். எனக்கு ஒரு வருத்தம், எதக் கண்டாலும் பிளேட்டுல போட்டுப் பாக்கோணும். பிளேட் எண்டா ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு. அதுக்குள்ள ஏகார் எண்டு ஜெலி மாதிரி ஒரு சாமான ஊத்தி வெச்சா, கண்ணுக்குத் தெரியாத பக்டீரியா எல்லாம் அத திண்டு வளந்து புள்ளி புள்ளியா வெளிய வரும். பஸ் கம்பியத் தொட்டு வளத்திரிக்கன். என்ட கூட்டாளி விதுசாட போன வளத்து அவள ஒரு கிழமைக்கு போன் தொடாம ஆக்கிரிக்கன். கெம்பஸ்ல என்னக் கண்டா, றுக்ஸானா வாறா கையக் கழுவுங்க எண்டு நக்கலடிப்பாங்க.

பாலைவனப் புழுதியப் பத்தி நான் அதுக்கு முந்தியே வாசிச்சிரிந்தன். வாசிச்சி பைத்தியம் பிடிச்சித் திரிஞ்சன் எண்டே செல்லலாம். ஒரு புழுதிக்காத்து கடலத் தாண்டிப் போகும். போகேக்க வெறும் மண்ண மட்டும் கொண்டு போறல்ல. ஒவ்வொரு மண்ணுத் துணுக்குட வெடிப்புக்குள்ளயும் பக்டீரியா குந்திட்டுப் போகும். மேல ஒட்டிரிக்கிறதுகள வெயில் கொண்டுபோடும். உள்ளுக்க ஒளிச்சிரிக்கிறதுகள் தப்பிரும். சிலது தனக்குத் தானே ஒரு ஓடு கட்டிட்டு, தண்ணியும் இல்லாம சோறும் இல்லாம வருஷக் கணக்கா நித்திர கொள்ளும். ஈரம் பட்டா எழும்பும். காக்கா வானத்தால இறங்கின மண் எண்டு நினச்சது மெய்தான், ஆனா அது வானத்துல பிறக்கல்லயே. ஆட்டுப்பட்டிக்கு மேலால, காஞ்ச குளத்துக்கு மேலால, குப்பமேட்டுக்கு மேலால, எத்தினயோ ஊருக்கு மேலால எல்லாத்தையும் பொறுக்கிட்டுத்தான் வந்திரிக்கும்.

அப்பிடி ஒரு சாமான் என்ட ஊட்டுக்கே, டின்ல, டேப் ஒட்டி வந்திரிக்கு. எனக்கு ரெண்டு நாள் நித்திரயில்ல. ஒரு கிள்ளு எடுத்து பேப்பர்ல மடிச்சி கெம்பஸ்க்குக் கொண்டு போனன்.

உண்மையச் செல்லோணும். அப்ப எனக்கு வாப்பா நினவே வரல்ல.

ரெண்டு நாளைக்குப் பொறகு இன்கியூபேட்டரத் திறந்தா, மஞ்சள், செம்மஞ்சள், பால் வெள்ள, ரோஸ் நிறத்துல ஒண்டு, ஓரத்துல சுருங்கின தோல் மாதிரி பெருசாப் படந்த வெள்ள ஒண்டு. நான் கத்தின கத்துல லெப்புல இரிந்த எல்லாரும் வந்து பாத்தாங்க. எத்தினயோ போட்டோ எடுத்தன். பைனல் புரொஜெக்டுக்கு இதத்தான் எடுக்கப் போறன், லெக்சரர் சேர்ட்டக் கதைக்கப் போறன் எண்டு எல்லாருக்கும் செல்லிட்டு நிண்டன். விதுசா மட்டும் பிளேட்ட வெளிச்சத்துக்குப் பிடிச்சி கொஞ்ச நேரம் பாத்துத்து, மெல்லமாக் கேட்டாள்.

"றுக்ஸி, இதயாடி உன்ட வாப்பா முகத்துல பூசுறவரு?"

அப்பதான் நான் அந்தக் கணக்கப் போட்டன். ஒரு நாளைக்கு பத்துத் தட்டு, டின் வந்து ஒம்பது நாள். ஒவ்வொரு தட்டுக்கும் கையால எழும்புற அந்த மெல்லிசுப் புகை, அதுக்குப் பக்கத்துல வாயத் திறந்து மூச்செடுக்கிற ஒரு மனிசன். நல்ல நெஞ்சு எண்டா அந்தத் துணுக்குகளச் சளியில பிடிச்சி வெளிய துப்பிரும். வாப்பாட நெஞ்சுக்கு அந்தப் பெலன் போயி எத்தின காலம். கிருமியே இல்லாட்டியும் அந்தப் பொடித்தூசி மட்டும் காணும் அவருக்கு.

அண்டைக்கே பஸ் ஏறி ஊட்ட வந்தன். வந்து உடுப்பும் மாத்தாம வாப்பாட கட்டில்ல குந்தி போன்ல போட்டோவக் காட்டினன். வாப்பா கண்ணாடியப் போட்டுப் பாத்தாரு. வடிவா இரிக்கு, என்ன பூ இது எண்டு கேட்டாரு. நான் விளங்கப்படுத்தினன். எல்லாம் கெட்டதில்ல, கனக்க ஒண்டும் செய்யாததுகள், ஆனா உங்கட நெஞ்சுக்கு எதுவும் கூடா எண்டன். உம்மா குசினி வாசல்ல நிண்டு கேட்டுத்து, அரபு நாட்டு மண்ணுல கிருமி எண்டு செல்ற வாய்க்கு என்ன செய்யிற எண்டு தொடங்கிட்டா. மார்க்கத்துல சுத்தம் எண்டது வேற, கிருமி இல்லாத சுத்தம் வேற, நான் மார்க்கத்தப் பிழை செல்லல்ல எண்டு நானும் கத்தினன். வாப்பா கைய உசத்தி ரெண்டு பேரையும் நிப்பாட்டினாரு.

"முப்பது வருஷம் உமியத் திண்ட நெஞ்சு, புள்ள. இந்தப் புழுதிக்கா பயப்படப் போகுது?"

நான் விடல்ல. நம்மட ஊட்டுச் சுவருல கையத் தட்டலாம், ஹஸ்ரத்திட்டக் கேட்டுப் பாப்பம், வேற ஊர்ச் செம்மண் எடுப்பம், அதத் துப்பரவாக்கித் தாறன் எண்டு ஒவ்வொண்டாச் சென்னன். வாப்பா கேட்டுட்டே இரிந்தாரு. கடைசியில, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை காக்கா வீடியோவுல எடுத்து, மண் காணுமா வாப்பா, இன்னும் அனுப்பவா எண்டு கேக்கிறத நினவுபடுத்தினாரு. நாலு வருஷமா ஊருக்கு வர ஏலாத புள்ள தன்ட கையால கூட்டி அனுப்பினது. அத நான் தள்ளி வெச்சா அவனத் தள்ளி வெச்ச மாதிரி எண்டாரு. பொறகு என்ட கையப் பிடிச்சி, இந்தக் கதை ஜெஸீம்ட காதுக்குப் போகக்கூடா, அவன் திங்காமக் கிடப்பான், எனக்குச் சத்தியம் பண்ணு எண்டாரு. பண்ணினன்.

அதோட உட்டிரிக்கலாம். இல்லாட்டி சத்தியத்த முறிச்சி காக்காக்கு ஒரு வொய்ஸ் போட்டிரிக்கலாம். அவரு ஒரு சொல் சென்னா வாப்பா கேட்டிருப்பாரு. ரெண்டும் செய்யல்ல. எனக்கு மூளை வேல செய்யத் தொடங்கிட்டு.

மண்ண மாத்த ஏலாட்டி மண்ணுக்குள்ள இரிக்கிறதக் கொல்லுவம். லெப்புல நாங்க கண்ணாடிச் சாமான ஓவன்ல வெச்சி நூத்தி அறுபது டிகிரியில ரெண்டு மணித்தியாலம் சுடுற. மண்ண அப்பிடிச் சுட்டா முடிஞ்சிது. ஆனா கெம்பஸ் லீவு உட்டுட்டாங்க, லெப்பு பூட்டு. எங்கட ஊட்டுல ஓவன் இல்ல. என்ன இரிக்கு? கேஸ் அடுப்பும் தாச்சியும் இரிக்கு. உம்மா கிழமைக்கு ரெண்டு தரம் அரிசி மா வறுக்கிற தாச்சி.

உம்மா வாப்பாட கிளினிக் மருந்து எடுக்க கல்முனைக்குப் போன ஒரு காலைல தொடங்கினன். டின்னக் கொண்டு போயி தாச்சியில கொட்டினன். மா வறுக்கிற மாதிரி அகப்பையால விடாமக் கிண்டோணும், இல்லாட்டி அடி மட்டும் சுடும், மேல பச்சையாக் கிடக்கும். கிண்டினன். வறுபட வறுபட அது தண்ணி மாதிரி ஓடத் தொடங்கிச்சி. அகப்பையத் தூக்கேக்க எல்லாம் ஒரு புகை எழும்பும். பின்கதவத் திறந்து உட்டா வெளியால போயிரும் எண்டு நினச்சித் திறந்தன்.

கச்சான் காலம் அது. கச்சான் எண்டா மேக்கால, வயல் பக்கத்தால அடிக்கிற காத்து. எங்கட பின்கதவு மேக்குப் பக்கம். அந்தக் காத்து குசினிக்குள்ளால வந்து, நடு அறைக்குள்ளால போயி, முன்வாசலால வெளிய போறது. இந்த ஊட்டுலயே பிறந்து வளந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். கச்சானுக்குக் காத்து வரோணும் எண்டுதானே வாப்பாட கட்டில நடு அறையில போட்டதே. ஆனா அந்த நேரம் நான் வெப்பத்தப் பத்தி மட்டும்தான் நினச்சிட்டு நிண்டன்.

நான் மாஸ்க் போட்டிரிந்தன். கொரோனா நேரம் வாங்கின மிச்சம்.

வாப்பா உள்ளுக்க இரிமினாரு. மறுகா, என்ன புள்ள வறுக்காய் எண்டு கேட்டாரு. மா வறுக்கன் வாப்பா, பின்னேரம் புட்டுக்கு எண்டன்.

"வாசம் வரக் காணல்லயே" எண்டாரு.

இப்பதான் போட்டன் வாப்பா எண்டன். ரெண்டு மணித்தியாலம் எங்க, அரை மணித்தியாலம் கூட வறுக்கல்ல. உம்மாட ஓட்டோச் சத்தம் தெருமுனையில கேட்டுட்டு. அடியில கொஞ்சம் கட்டி பட்ட மாதிரி இரிந்ததால அவசரத்துல அரிதட்டுல போட்டு ஒருக்கா அரிச்சும் எடுத்தன். அரிதட்டத் தட்டத் தட்ட குசினி முழுக்க மஞ்சள் மூட்டம். ஜன்னலால வந்த வெளிச்சத்துல அந்தத் துணுக்குகள் அப்பிடியே உள்பக்கமா, வாப்பாட அறைத் திரைச்சீலைக்கு அங்கால போறத நான் பாத்தன். பாத்து, வடிவா இரிக்கு எண்டு நினச்சன். அதத்தான் என்னால மறக்க ஏலாமக் கிடக்கு.

லுஹருக்கு, பகல் தொழுகைக்கு, வாப்பா கையத் தட்டினாரு. சூடாக் கிடக்கே எண்டாரு. வெயில்ல வெச்சன், கிருமி செத்துரும் எண்டன். வாப்பா என்ன ஒரு மாதிரிப் பாத்தாரு. உன்ட மனசுக்கு இப்ப சரிதானே எண்டு கேட்டுத்து முகத்தத் தடவினாரு. நான் மா வறுக்கல்ல எண்டது அவருக்குத் தெரிஞ்சிரிக்குமா எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா. பின்னேரம் புட்டு அவிக்கல்ல. அவரு கேக்கவும் இல்ல.

மூண்டாம் நாள் இரிமல் கூடிச்சி. நாலாம் நாள் நடுக்கக் காய்ச்சல். பம் அடிச்சும் மூச்சு இறங்கல்ல. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ஒரு பக்க நெஞ்சு வெள்ளையாக் கிடக்கு. நிமோனியா எண்டாங்க, ஒக்சிசன் போட்டாங்க, ஊசி தொடங்கினாங்க. வார்ட்டுல இரிந்த டொக்டர் ஒரு சின்ன வயசுக்காரி. ஆறுதலா நிண்டு கேட்டா. அண்மையில ஊட்டுல சுவர் கிவர் இடிச்சதா, குப்ப எரிச்சதா, ஏதும் தூசி பட்டதா எண்டு. உம்மா என்னப் பாத்தா.

அந்த இடத்துலதான் நான் எல்லாத்தையும் செல்லிரிக்கோணும். அரை மணித்தியாலம் புழுதிய வறுத்து, அரிச்சி, காத்தோட அவர்ர அறைக்குள்ள அனுப்பினன் எண்டு. எவ்வளவு உள்ளுக்கப் போயிரிக்கும் எண்டு அவங்களுக்கு ஒரு கணக்கு வந்திரிக்கும். மருந்த மாத்தினாலும் மாத்திருப்பாங்க, மாத்தாமயும் உட்டிருப்பாங்க. நான் சென்னது இதுதான்.

"தயம்மும் செய்யிற மண் ஒண்டு பாவிக்காரு டொக்டர். குவைத்துல இருந்து காக்கா அனுப்பினது. அதுல பக்டீரியா வளந்திச்சி."

டொக்டர் எழுதினா. எவ்வளவு பாவிப்பாரு எண்டு கேட்டா. கையில ஒட்டுற அளவுதான் எண்டன். அப்ப பெருசா ஒண்டும் இரிக்காது, எதுக்கும் சளிய டெஸ்டுக்கு அனுப்புவம், அத இனிப் பாவிக்க வேணா எண்டுத்து அடுத்த கட்டிலுக்குப் போயித்தா. நான் சென்னதுல பொய் ஒண்டும் இல்ல. அதுதான் அதுட கேவலம்.

அதுக்குள்ள விதுசா கோல் எடுத்தாள். வறுத்த புழுதியிலயும் நான் ஒரு கிள்ளு எடுத்து ஒரு பிளேட்டுல போட்டு அவள்ட குடுத்திரிந்தன். அவள்ட மாமா ஒராள் தனியார் லெப்பு ஒண்டுல வேல, அங்க வெச்சிரிந்தாள். மஞ்சளும் ரோஸும் வரல்லயாம். அந்தச் சுருங்கின தோல் மாதிரி வெள்ள மட்டும் நல்லா வளந்து கிடக்காம். ஓடு கட்டினது அதுதான். தாச்சிச் சூடெல்லாம் அதுக்குக் காணாது. படிச்சது எனக்கு, பரீட்சையில எழுதி பாஸ் பண்ணினதும் நான்தான். வார்ட்டுக்கு வெளிய பைப்படியில நிண்டு அந்தக் கோலக் கேட்டன். வாப்பாக்கு எப்பிடி எண்டு அவள் கேட்டாள். சுகம் எண்டன்.

ஆறாம் நாள் அஸருக்குப் பொறகு வாப்பா மௌத்தாகினாரு. கடைசியா அவரு கண் திறந்த நேரம் தொழுகைக்கு நேரமாகிட்டா எண்டு கேட்டாரு. ஓம் எண்டன். வெறுங்கைய போர்வையில தட்டி முகத்தத் தடவினாரு. நேர்ஸ் மிஸ்ஸி வந்து ஒக்சிசன் மாஸ்க்கத் திரும்பச் சரியாப் போட்டா.

காக்காக்கு லீவு கிடைக்கல்ல. மையத்தக் குளிப்பாட்டிக் கபன் துணி சுத்தி வெச்ச நேரம் போன்லதான் பாத்தாரு. நான்தான் போனப் பிடிச்சிட்டு நிண்டன். படம் ஆடிச்சி. அசைக்காம வை தங்கச்சி எண்டு மட்டும் சென்னாரு.

சளி ரிப்போட் அடக்கம் முடிஞ்சி அஞ்சி நாளைக்குப் பொறகுதான் வந்திச்சி. கலவையா வளந்திரிக்கு, திரும்ப அனுப்பவும் எண்டு இங்கிலீசுல ஒரு வரி. திரும்ப அனுப்ப ஆளில்ல. அந்தச் சின்ன டொக்டர்ட்ட போயிக் கேட்டன். மண்ணாலயும் இரிக்கலாம், சாதாரண சளிக்காய்ச்சலாலயும் இரிக்கலாம், இப்பிடிப் பழுதான நெஞ்சுக்கு எதுவும் காணும், இதத்தான் எண்டு செல்ல ஏலா எண்டு சென்னா. படிக்கிற புள்ளதானே, உங்களுக்கு விளங்கும் எண்டா. விளங்கினதுதான் வினை.

நாப்பது நாள் கழிஞ்சி ஒரு வெள்ளிக்கிழமை உம்மா காக்காவோட கதைச்சிட்டு இரிந்தா. நான் அறைக்குள்ள இரிந்தன். உம்மாட குரல் ஏறினது கேட்டிச்சி. நாலு வருஷமா வராத புள்ள, மண்ண அனுப்பி வாப்பாவ மண்ணுக்கு அனுப்பித்தாய் எண்டு சென்னா. நான் ஓடி வாறத்துக்குள்ள எல்லாத்தையும் கொட்டித்தா. பிளேட்டுல வளந்தது, போட்டோ, டொக்டர் எழுதினது எல்லாம். வாப்பாக்குப் பண்ணின சத்தியம் அண்டோட போயித்து. உம்மா போன கட்டில்ல எறிஞ்சிட்டு அழுதுட்டு வெளிய போனா. போன்ல காக்கா இன்னும் இரிந்தாரு. எடுத்தன்.

முகம் இருட்டாக் கிடந்திச்சி. வண்டிக்குள்ள இரிந்து கதைக்காரு போல. நான் முந்தியே அந்தக் கிருமியக் கண்டனா எண்டு கேட்டாரு. ஓம் எண்டன். ஏன் தனக்குச் செல்லல்ல எண்டு கேட்டாரு. வாப்பா சத்தியம் வாங்கினது எண்டன். அவரு கோவிக்கல்ல. கோவிச்சிரிந்தா நான் சில நேரம் எல்லாத்தையும் செல்லிரிப்பன். அதுக்குப் பொறகு அவரு அந்த மொட்டமாடியப் பத்திக் கதைக்கத் தொடங்கினாரு. ஓரத்துல இரிந்தத எடுக்கல்லயாம், நடுவுல இரிந்தத மட்டும்தான் எடுத்தாராம். வுளுவோட நிண்டு, வாயத் துணியால கட்டிட்டு, தன்ட மூச்சும் படாம எடுத்தாராம். இத ஒவ்வொண்டா எனக்குச் சென்னாரு, நான் ஏதோ நீதவான் மாதிரி.

மறுகா கேட்டாரு.

"உண்மையச் செல்லு தங்கச்சி. நான் அனுப்பின மண்ணாலயா வாப்பா மௌத்தாகின?"

தாச்சி, அகப்பை, அரிதட்டு, பின்கதவு, என்ட முகத்துல இரிந்த மாஸ்க். எல்லாம் வாய்க்குள்ள வந்து நிண்டிச்சி. அந்த மண் டின்னுக்குள்ளயே கிடந்திரிந்தா கையில ஒட்டினது மட்டும்தான் அவருக்குப் போயிரிக்கும். மிச்சத்த அள்ளி அவர்ர நெஞ்சுக்குள்ள போட்டது நான். இது ரெண்டே ரெண்டு வரி. செல்லி முடிக்க அரை நிமிஷம் போகாது. அவரு அந்த வண்டிக்குள்ள இரிந்து இறங்கி நடந்திரிப்பாரு. என்ன என்னமும் ஏசிரிப்பாரு. ஏசட்டுமே.

"தெரியா காக்கா" எண்டன். "டொக்டருக்கே தெரியாதாம். ரிப்போட்டுலயும் ஒண்டும் இல்ல."

காக்கா போனக் கிட்டப் பிடிச்சாரு.

"அப்ப மண்ணாலயா இரிக்கலாம், என்ன" எண்டாரு.

நான் இல்ல எண்டு செல்லல்ல. அவரு தலைய ஆட்டினாரு. அங்கால யாரோ அரபுல கூப்பிட்ட சத்தம் கேட்டிச்சி. ஏதோ பதில் செல்லித்து, உம்மாவப் பாத்துக்க, உம்மாவோட சண்ட பிடிக்காத, அவ சென்னது சரிதான் எண்டுத்து போன வெச்சிட்டாரு.